ஆகும், ஆகாது

ஒரு மனுஷிக்கு மூக்கு இவ்வளவு வேலை செய்யும் என்று லெப்பைக்குடிக்காட்டு அக்காவைப் பார்க்கும்வரை எனக்குத் தெரியாது. பார்த்த பிறகு, என் மூக்கு கண்ணாடி மாட்டுவதற்கு மட்டும்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

நான் பெரம்பலூரில் ஆக்டிங் டிரைவர். ஆக்டிங் என்றதும் நடிக்கிறவன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். சொந்தமாக வண்டி வைத்திருந்து ஓட்ட ஆள் இல்லாதவர்கள் கூப்பிடுவார்கள். போய் ஓட்டிக்கொடுத்துவிட்டு வருவேன். எனக்குக் கொஞ்சம் முன்கோபம் உண்டு. கதவைப் படாரென்று சாத்தினால் கோபம் வரும். பின்சீட்டிலிருந்து வழி சொன்னால் கோபம் வரும். வண்டிக்குள் யாராவது வாந்தி எடுத்தால் கெட்ட கோபம் வரும். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அந்த அக்காவோடு எனக்கு இருந்த சினேகத்துக்கு என் குணம் ஒத்துவந்ததே ஆச்சரியம்.

அக்காவின் வீட்டுக்காரர், நான் பாய் என்று கூப்பிடுகிறவர், வளைகுடாவில் வேலை பார்த்தார். கல்யாணமான கையோடு போனவர். எப்போதாவது லீவில் வருவார், இருப்பார், போவார். வீட்டில் ஒரு கார் நின்றது. அவரை ஏர்போர்ட்டில் விடவும் கூட்டிவரவும் என்னைக் கூப்பிடுவார்கள். முதல்முறை சாவி வாங்கப் போனபோது அக்கா வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“தம்பி, நேத்து ஆட்டுக்குட்டி ஏத்துன வண்டி ஓட்டுனீங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு போயிருக்கிறேன். “அதெல்லாம் இல்லீங்களே” என்றேன்.

“சட்டைல இல்ல தம்பி. செருப்புல இருக்கு. வெளில விட்டுட்டு வாங்க, டீ போடுறேன்.”

உண்மைதான். முந்தின நாள் பூலாம்பாடியில் ஒருத்தர் சம்பந்தி வீட்டுக்குக் கொடுக்க வேண்டுமென்று ஒரு குட்டியைக் காரின் காலடியில் படுக்கவைத்துக் கூட்டிவந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். அன்றைக்குக் குடித்த டீ மாதிரி அப்புறம் எங்கேயும் குடிக்கவில்லை.

அந்தத் தெருவில் யார் வீட்டில் சந்தேகமாக ஒரு பொருள் இருந்தாலும் அது அக்காவிடம் வரும். நெய், மாவு, கருவாடு, வெளிநாட்டிலிருந்து வந்த அத்தர், திரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிற பால். “அக்காட்ட மோந்து பாக்கச் சொல்லு” என்பது அங்கே பேச்சோடு பேச்சாக வருகிற வார்த்தை. அக்கா மூக்கருகே கொண்டுபோவார், கண்ணை மூடுவார், பிறகு ஒரே வார்த்தை. ஆகும். அல்லது ஆகாது. அதற்கு மேல் விளக்கம் கிடையாது, மேல்முறையீடும் கிடையாது. கல்யாண வீட்டில் பிரியாணி ஆக்க வருகிற பண்டாரி, தம் போடுவதற்கு முன் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு அக்காவைத் தேடி வருவார். அக்கா வாயில் வைக்க மாட்டார். முகர்ந்துவிட்டு, “உப்பு பத்தாது” என்பார். உப்பை எப்படி முகர முடியும் என்று நான் ஒருமுறை வாதம் செய்தேன். “உங்களுக்கு முடியாது தம்பி” என்று முடித்துவிட்டார்.

ஒருநாள் மூன்றாம் வீட்டுக் கதவைப் போய்த் தட்டி, “அடுப்புப் பக்கம் போகாத, கேஸ் கசியிது” என்று சொன்னார். அந்த வீட்டுப் பெண் அடுப்பங்கரையில்தான் நின்றுகொண்டிருந்தாள், அவளுக்கே தெரியவில்லை. தெருவில் எந்த வீட்டில் சண்டை, எந்த வீட்டில் சம்பந்தம் பேசுகிறார்கள் என்பதும் அக்காவுக்கு முதலில் மூக்கில் வியர்த்துவிடும். அதை நான் கேட்டால், “அது வாடை இல்ல தம்பி, சத்தம். சுவரு மெல்லிசு” என்று சிரிப்பார்.

இந்த மூக்கினால்தான் அக்காவுக்கு ஒரு தண்டனையும் இருந்தது. எந்த வண்டியில் ஏறினாலும் வாந்தி. டீசல் வாடை, சீட்டு ரெக்சின் வாடை, முன்னால் தொங்கவிட்ட எலுமிச்சம்பழம், டிரைவர் தலையில் தேய்த்த எண்ணெய், எல்லாம் சேர்ந்து வயிற்றைப் புரட்டிவிடும். ஊர் எல்லை தாண்டுவதற்குள் நிறுத்தச் சொல்லுவார். அதனால் பாய் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் அக்கா வாசலோடு சரி. கார் திரும்பும்வரை கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். ஒரே மகளை நாகூரில் கட்டிக்கொடுத்தார்கள். நிக்காஹ் ஊரிலேயே நடந்துவிட்டது. மகள் வாழ்கிற வீடு எப்படி இருக்கும், மாடி எந்தப் பக்கம், கடல் எவ்வளவு தூரம் என்று அக்கா போனில் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். பேரப்பிள்ளை பிறந்தும் போக முடியவில்லை.

“எந்திரிச்சு நடந்தே போயிரலாமான்னு இருக்கு தம்பி” என்று ஒருமுறை சொன்னார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கொரோனா வந்தது. அந்தத் தெருவில் பலருக்கு வந்த மாதிரி அக்காவுக்கும் வந்து போனது. கதவெல்லாம் திறந்து பழையபடி நடமாட்டம் வந்தபோது பாயும் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். நான்தான் ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிவந்தேன். “இனிமே போறதா இல்ல. அவளக் கூட்டிக்கிட்டு ஊர் ஊரா சுத்தப்போறேன், இன்ஷா அல்லாஹ்” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

“அக்காவுக்கு வண்டி ஆகாதே பாய்.”

“ஆகுற மாதிரி வண்டி வாங்குவோம்.”

அப்புறம் நான் போய்வந்தபோதெல்லாம் அக்காவிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. யார் என்ன கொண்டுவந்து நீட்டினாலும் “ஆகும்” என்றே சொன்னார். நெய்யும் ஆகும், மாவும் ஆகும். “கொரோனா வந்து அக்கா மனசு எளகிருச்சு” என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். வியாழக்கிழமை அந்தியில் சாம்பிராணி போட்டால் வீட்டுக்குள் ஆள் தெரியாத அளவுக்குப் புகை எழுந்தது. ஒருநாள் எனக்கு டீ கொடுத்தார். பால் திரிந்திருந்தது. அக்கா வீட்டுப் பால் திரியுமா, என் நாக்குதான் திரிந்திருக்கும் என்று மடமடவென்று குடித்துவிட்டேன். அந்த வீட்டில் மூக்கு விஷயத்தில் சந்தேகப்படுகிற பழக்கம் யாருக்கும் இல்லை.

பாய் சொன்னபடியே வண்டி வாங்கினார். சாதாரண வண்டி இல்லை, கேரவன். சென்னையில் சினிமாக் கம்பெனியில் ஓடி, நடிகர்களுக்கெல்லாம் புது வண்டி வந்ததும் ஓரங்கட்டப்பட்ட பழங்காலத்து வேன். எனக்கே மூத்தது. உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, முகம் பார்க்கிற கண்ணாடியைச் சுற்றிப் பல்பு. படுத்துக்கொண்டே போனால் அவளுக்கு வயிறு புரட்டாது என்பது பாயின் கணக்கு. தெருவே கூடிவிட்டது. பாய், முன்கதவைத் திறந்து மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

“மோந்து பாத்துச் சொல்லு புள்ள.”

அக்கா படியில் ஏறினார். டிரைவர் சீட்டுப் பக்கம் தலையை விட்டார். அந்த வண்டியில் இன்ஜின் முன்னால் துருத்திக்கொண்டிருக்காது. டிரைவர் சீட்டுக்கும் பக்கத்துச் சீட்டுக்கும் நடுவில் ஒரு தகரப்பெட்டிக்குள் இருக்கும். பானட் என்போம். முன்கண்ணாடிக்குக் கீழே காற்று வரவேண்டிய இரண்டு மூடிகளையும், ஏசி போட்டபோது பலகை வைத்து அடைத்திருந்தார்கள். ஏசி எப்போதோ செத்துவிட்டது, பலகை மட்டும் இருந்தது. அடைத்துவைத்த பீரோவைத் திறந்த மாதிரி ஒரு புழுக்கம். அக்கா கண்ணை மூடினார். எல்லாரும் பேச்சை நிறுத்தினோம்.

“ஆகும்” என்றார்.

எனக்கு லேசாக டீசல் வாடை அடித்த மாதிரி இருந்தது. ஆனால் அந்த மூக்கு சொன்ன பிறகு என் மூக்கு யார்?

நாகூர் போவதற்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம் பார்க்கலாம் என்று அரியலூர் வரைக்கும் கிளம்பினோம். அக்கா படுக்க மாட்டேன் என்றுவிட்டார். முன்சீட்டில் உட்கார்ந்துதான் வருவேன், ரோட்டைப் பார்க்க வேண்டும் என்றார். பாயும் பின்னால் தனியாக உட்கார மனசில்லாமல் கம்பளியை மடித்துப் போட்டு பானட் மேல் ஏறி உட்கார்ந்தார். குன்னத்தில் டீக்கு நிறுத்தினால் கூட்டம் கூடிவிட்டது. கேரவன் என்றால் உள்ளே நடிகர் இருந்தாக வேண்டும் அல்லவா?

“யாருங்க வந்துருக்கா? படமா எடுக்குறீங்க?” என்று ஒருத்தர் கேட்டார்.

“நான்தாங்க ஆக்டிங்” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நம்பாமல் போய்விட்டார். அக்கா சிரித்த சிரிப்பில் கிளாஸிலிருந்த டீ தளும்பியது. குன்னம் வரைக்கும் அவர் ஒருதடவைகூட நிறுத்தச் சொல்லவில்லை. “பாத்தியா, வண்டி ஆகுது” என்று பாய் என் தொடையில் தட்டித் தட்டிச் சொன்னார்.

அரியலூர் நெருங்க நெருங்கச் சுண்ணாம்புக்கல் லாரிகள். முன்னும் பின்னும் அவைதான். தூசி தாங்காமல் முன்ஜன்னல் இரண்டையும் ஏற்றிவிட்டோம். புழுங்கியதால் பாய் எழுந்துபோய்ப் பின்னால் கூரையில் இருந்த ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தார். கொஞ்ச தூரம் போயிருப்போம். எனக்கு நெற்றிப்பொட்டு கனத்தது. கொட்டாவி மேல் கொட்டாவி. வெயில் என்று நினைத்தேன். பாய் பானட் மேலேயே தூங்கி விழுந்தார். வயசு என்று நினைத்தேன். அப்புறம் நினைப்பதையே விட்டுவிட்டேன் போலிருக்கிறது.

கையில் ஓங்கி ஓர் அடி விழுந்தது. ரோட்டை விட்டுக் கண்ணெடுக்காமல் வந்த அக்காதான். “தம்பி, நிறுத்து.”

கண்ணை விழித்தால் முன்னால் போன லாரியின் முதுகு கண்ணாடி முழுக்க நிற்கிறது. பிரேக்கில் ஏறி நின்றேன். வண்டி ஓரம் இறங்கி ஒரு மதகுச் சுவருக்குப் பக்கத்தில் நின்றது. அக்கா கதவைத் திறந்து இறங்கி, பாயை இழுத்து இறக்கி, என்னையும் இறங்கச் சொன்னார். காற்று முகத்தில் பட்டதும்தான் எனக்குத் தலை தெளிந்தது.

“தூங்கிட்டியா?” என்று பாய் கேட்டார். அவருக்கே நாக்கு குழறியது.

“பத்து மணிக்குப் படுத்து நல்லாத் தூங்கி எந்திரிச்சவன் நான். வண்டிக்குள்ள பொக வருது பாய். இன்ஜின் பொக.”

“எப்படி வரும்? அவதான் மோந்து பாத்தாளே.” அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். “நீதான புள்ள ஆகும்ன?”

அக்கா மதகுச் சுவரில் உட்கார்ந்திருந்தார். சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்தார்.

“எனக்கு வாடை வராது மச்சான்.”

“இப்பவா?”

“காய்ச்ச வந்ததுலேர்ந்து. மல்லி, மீனு, மண்ணெண்ண, ஒண்ணும் வராது. எல்லாம் ஒண்ணுபோல இருக்கு. தண்ணி மாதிரி.”

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. லாரிக்கு அடியில் போய்ச் சொருகியிருந்தால் மூன்று பேரையும் வழித்துத்தான் எடுத்திருக்க வேண்டும். “ஏங்க்கா, அத அன்னிக்கே சொல்றதுக்கு என்னங்க்கா? ஊரே உங்கள நம்பி வாயில வைக்கிது. நான் திரிஞ்ச பால்ல டீ குடிச்சேன் தெரியுமா?” என்று கத்திவிட்டேன்.

“தெரிஞ்சிதான் குடிச்சியா?”

“நீங்க குடுத்தா குடிக்காம என்ன பண்றது?”

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பிறகு பாயைப் பார்த்துத்தான் பேசினார். நான் அங்கே நிற்பதையே மறந்துவிட்டார்.

“நீங்க போறப்பல்லாம் ஒரு சட்டையத் தொவைக்காம எடுத்து வச்சுக்குவேன் மச்சான், பீரோவுல. அப்பப்ப எடுத்து மோந்துக்குவேன். அத வச்சுத்தான் இத்தன வருசத்த ஓட்டுனேன். காய்ச்ச விட்டு எந்திரிச்சு மொதல்ல அதத்தான் எடுத்தேன். வெறும் துணிதான் இருந்துச்சு. நீங்க வந்து எறங்குன அன்னிக்கு உங்க பக்கத்துல வந்து நின்னேன். அப்பவும் ஒண்ணும் இல்ல. யாரோ வந்த மாதிரி இருந்துச்சு.”

பாய் தன் சட்டைக் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“வாடை இல்லாததால வாந்தியும் இல்ல. பஸ்லயே நாகூர் போயிரலாம் நானு. நீங்க எனக்காவ இவ்வளவு பெரிய வண்டியக் கொண்டாந்து நிப்பாட்டிட்டு மோந்து பாருன்னு நிக்கிறீங்க. பஸ்ஸே போதும்னு எந்த வாயால சொல்றது? தெருவுல எல்லாரும் பாக்குறாங்க. மூக்கு போயிருச்சுன்னா நான் யாரு?”

பாய் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். “சபுரு செய்யி, பொறுத்துக்க. நீ மோந்தாத்தான் நீயா?” என்றார். எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஊர் திரும்பும்வரை எல்லா ஜன்னலையும் இறக்கிவிட்டு, சுண்ணாம்பில் குளித்துக்கொண்டே மெதுவாக ஓட்டினேன்.

அதற்கப்புறம் வண்டியை விற்றுவிடலாம் என்று நான் சொன்னேன். பாயும் அரைமனசாக இருந்தார். அக்காதான் மறுத்துவிட்டார். “எனக்காவ வந்த வண்டி. முன்னாடி மூச்சு விட எடம் பண்ணுங்க, போதும்” என்றார். பெரம்பலூர் நாலு ரோட்டுப் பக்கம் எனக்குத் தெரிந்த பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினோம். பட்டறைக்காரர் ஒரு புது ஃபேன் மாட்டினால் சரியாகிவிடும் என்றார். அக்கா கேட்கவில்லை. மூக்குதான் போனது, அந்தப் பிடிவாதம் போகவில்லை. கைப்பையிலிருந்து ஒரு கட்டு ஊதுபத்தியை எடுத்தார்.

“வாடை தெரியலன்னா என்ன, பொக கண்ணுக்குத் தெரியும்ல? ஓட்டு தம்பி.”

வண்டி நகர, அக்கா எரிகிற ஊதுபத்தியைப் பானட் இடுக்கில் பிடித்தார். கூரை ஜன்னல் திறந்திருந்தபோது புகை யாரோ கூப்பிட்ட மாதிரி நேராகப் பின்பக்கம் ஓடியது. மூடச் சொன்னார். புகை அப்படியே நின்று சுருண்டது. அப்போதுதான் எங்கள் எல்லாருக்கும் உறைத்தது. ஓடுகிற வண்டியில் கூரை ஜன்னல் உள்ளேயிருக்கிற காற்றை வெளியே உறிஞ்சுகிறது. போன காற்றுக்கு ஈடாக முன்னால் நல்ல காற்று வர வழியில்லை. அதனால் பானட் இடுக்கு வழியாக இன்ஜினிலிருந்து இழுத்துக்கொள்கிறது. பானட்டைச் சுற்றியிருந்த ரப்பர் முழுக்க நைந்து கிடந்தது. அடியில் புகைக்குழாயிலும் ஓட்டை.

குழாய் ஓட்டையை வெல்டிங் வைத்து அடைத்தார்கள். ரப்பர் புதிதாகப் போட்டார்கள். ஏசிக்காரர்கள் அடைத்த பலகைகளைப் பிடுங்கி, கண்ணாடிக்குக் கீழேயிருந்த மூடிகளைத் திறந்துவிட்டார்கள். காற்று வந்தது, பிரமாதமாக வந்தது. அரியலூர் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவிட்டுத் திரும்பினால் மூன்று பேருக்கும் புருவமெல்லாம் வெள்ளை. பாயின் தாடிக்கு வித்தியாசம் தெரியவில்லை, அது ஏற்கெனவே வெள்ளை. பட்டறையில் எங்களைப் பார்த்து வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.

“தூசி கீழதான ஓடுது. காத்த மேலேர்ந்து எடுங்க” என்றார் அக்கா. கண்ணாடிக்கு மேலே, வண்டியின் நெற்றியில், முன்பக்கம் பார்த்து வாயைத் திறந்த ஒரு தகரப் புனலை வைத்தோம். மழைத்தண்ணீர் வடிய அடியில் ஒரு துளை. உள்ளே டிரைவருக்கு ஒன்று, பக்கத்துச் சீட்டுக்கு ஒன்று என்று இரண்டு வாய்கள். மிச்சத் தூசிக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது அக்கா வீட்டிலிருந்து ஒரு துணியைக் கொண்டுவந்து நாலாக மடித்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டினார். நல்ல பருத்தி. கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன், அது ஒரு சட்டை. பாயும் கவனித்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஸ்க்ரூ முடுக்கினார்.

மறுபடியும் ஓட்டிப் பார்த்தோம். ஊதுபத்திப் புகை பானட் இடுக்கிலிருந்து உள்ளே வரவே இல்லை. மேலேயிருந்து வருகிற காற்று அதைக் கீழே தள்ளியது. “ஓடும்போது பின்னாடி கூர சன்னல் மூடியே இருக்கணும்” என்று அக்கா உத்தரவு போட்டார். இறங்கியதும் என்னைப் பார்த்தார்.

“தம்பி, நீ மோந்து சொல்லு.”

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. அந்தத் தெருவில் அந்த வேலையை இன்னொருத்தர் செய்து நான் பார்த்ததில்லை. டிரைவர் சீட்டில் தலையை விட்டு முகர்ந்தேன். துணி வாடை, தகர வாடை, கொஞ்சம் ஊதுபத்தி. வேறொன்றும் இல்லை.

“ஆகும்க்கா” என்றேன். சொன்னபோது என்னவோ போல் இருந்தது. அக்கா தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

நாகூருக்குக் கிளம்பிய அன்று தெருவே வழியனுப்ப வந்தது. மூக்கு விஷயம் அதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, அக்காவே சொல்லிவிட்டார். யாரும் எதையும் முகரக் கொண்டுவரவில்லை. ஒரு கிழவர் மட்டும் பழக்கதோஷத்தில் அத்தர் பாட்டிலை நீட்டிவிட்டு, சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். அக்கா அதை வாங்கி முகர்ந்தார். “நல்லாருக்கும்” என்று சொல்லிக் கொடுத்தார். ஆகும் என்று சொல்லவில்லை. மதகுச் சுவரில் உட்கார்ந்ததற்கப்புறம் அவர் அந்த இரண்டு வார்த்தைகளையும் சொல்வதையே நிறுத்தியிருந்தார்.

முன்சீட்டில் அக்கா, பானட் மேல் பாய், ஸ்டியரிங்கில் நான். பாய் ஒரு புது வேலையை எடுத்துக்கொண்டார். வழியில் வருகிற வாடையெல்லாம் அக்காவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்கு அது சுத்தமாக வராது.

“இப்ப வெங்காயம் புள்ள.”

“அது பருத்திக் காடு.”

“சரி, இப்ப மழ வாடை.”

“தண்ணி லாரி ஒழுகிட்டுப் போவுது மச்சான். எனக்குக் கண்ணு இருக்கு.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் சிரித்தாலும், அக்கா கண்ணாடிக்கு மேலேயிருந்து வருகிற காற்றில் முகத்தை வைத்து, மூக்கை விடைத்து, ஒன்றும் வராமல் விட்டுவிடுவதைப் பார்க்கும்போது மனசு என்னவோ செய்தது. மகள் வீட்டைப் பார்க்கப் போகிற சந்தோஷம் முகத்தில் இருந்தது. அதற்குப் பின்னால் பழைய அக்கா இல்லை.

அரியலூரைத் தாண்டிக் கீழப்பழுவூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் ஒரு கிழட்டு லாரி, மேடு ஏற முடியாமல் கரியாகக் கக்கிக்கொண்டு போனது. அக்கா திடீரென்று என் தோளைப் பிடித்தார்.

“தம்பி, நிறுத்து. பொக.”

எனக்கு மதகுச் சுவர் ஞாபகம் வந்துவிட்டது. ஓரம் கட்டி நிறுத்திவிட்டு இறங்கி ஓடி, பானட் ரப்பரைப் பார்த்தேன், கீழே படுத்துக் குழாயைப் பார்த்தேன். எல்லாம் நன்றாக இருந்தது. எனக்கோ பாய்க்கோ தலைவலி இல்லை, கொட்டாவி இல்லை.

“நம்ம வண்டில ஒண்ணும் இல்லீங்க்கா. முன்னாடி போன லாரிப் பொகதான் மேல இருக்குற புனல் வழியா வந்துருக்கு. ஆமா, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? கண்ணால பாத்தீங்களா?”

அக்கா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் கதவைத் தேடினார். படியில் இறங்கவும், குன்னத்தில் சாப்பிட்ட இட்லி முழுக்க வெளியே வந்தது. பாய் ஓடிப்போய் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் அப்படியொரு பிரகாசம்.

“தம்பி, வாந்தி எடுக்குறா தம்பி. அல்ஹம்துலில்லாஹ். வாந்தி எடுக்குறா.”

பைக்கில் போன இரண்டு பேர் வேகத்தைக் குறைத்து அவரை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள். நான் தண்ணீர் பாட்டிலோடு நின்றேன். அக்கா கொப்பளித்துத் துப்பினார், தலைப்பால் வாயைத் துடைத்தார். கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. மெதுவாகப் பாயின் தோள் பக்கம் முகத்தைச் சாய்த்து, சட்டையில் மூக்கை வைத்து ஒரு மூச்சு இழுத்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அப்புறம் நிமிர்ந்து, நாங்கள் பாடுபட்டு வண்டியின் நெற்றியில் வைத்த அந்தத் தகரப் புனலை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஆகாது” என்றார்.

“என்ன புள்ள சொன்ன?”

“ஆகாதுன்னேன். முன்னாடி போறவன் பொகையெல்லாம் நேரா எம் மூக்குக்குத்தான் வருது. அடைக்க ஒரு மூடி வைக்கணும்.”

“வச்சிருவோம். வச்சிருவோம் புள்ள” என்று பாய் அழுதார்.

அக்காவும் பாயும் இப்போது நாகூரிலேயே மகளோடு இருக்கிறார்கள். வண்டியை யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். எப்போதாவது போனில் பேசுவார்கள். மீன் வாடை மட்டும் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்று அக்கா குறைப்பட்டுக்கொள்வார்.

அன்றைக்கு நாகூர் போய்ச் சேருவதற்குள் இன்னும் எத்தனையோ இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. திருவையாறு தாண்டி ஒருதடவை இறங்கக்கூட நேரமில்லாமல் வண்டிக்குள்ளேயே எடுத்துவிட்டார். நான்தான் துடைத்தேன். எனக்குக் கோபமே வரவில்லை.